சங்கத்தின் கையெழுத்து

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பம்பாய் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறையில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஹார்பர் லைனில் மின்சார ரயில் நின்றுபோயிருந்தது. சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். சின்னக் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் காலை மடக்கிக்கொண்டு மூன்று பேர் இருந்தோம். அவர் புடவையின் ஈர ஓரத்தைப் பிழிந்து விட்டுவிட்டுக் கரும்பலகையில் அன்றைய பேச்சின் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

பேச வந்தவர் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேதியியலாளர். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, "மூணு பேருக்கு எதுக்கு மேடம்? கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டுக் கலைஞ்சிடலாமே" என்றார்.

"அந்த மூணு பேரும் தண்ணில நடந்து வந்திருக்காங்க சார். முன்னூறு பேருக்குப் பேசுத மாதிரிப் பேசுங்க" என்றார் அவர்.

பிறகு அந்த மனிதரை எங்களுக்கு அறிமுகம் செய்தார். எங்கே படித்தார், என்ன வேலை பார்க்கிறார், எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார் என்று ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னார். கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் கூச்சத்தில் சிவந்துபோனது. அந்த மனிதர் பேசி முடித்ததும், அறிமுகம் செய்தவரே முதலில் கை தூக்கினார். "நல்லாப் பேசினீங்க சார். ஆனா குழாய் அரிச்சதுக்கு அந்த உப்புதான் காரணம்னு எதை வச்சு சொல்லுதீங்க?"

பேச்சாளருக்குக் கோபம் வந்துவிட்டது. பையைத் திறந்து தன் கணக்குகளை எடுத்து மேஜையில் பரப்பினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு வாதாடினோம். கிளம்பும்போது அந்தப் பேச்சாளர் குடையை விரித்தபடி என்னிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா ஃபேக்டரியில, எப்ப முடியும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எப்படித் தெரியும்னு யாரும் கேட்டதில்ல."

நான் அப்போது ஒரு மருத்துவமனையில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி சொன்னாளே என்று எட்டிப் பார்க்கத்தான் போனேன். அடுத்த மாதமும் போனேன். நான் புணேவுக்கு மாற்றலாகி வந்த பிறகும், மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

சங்கத்தின் பெயர் நீளமானது. தண்ணீரையும் உணவையும் ஆய்வகத்தில் சோதிக்கிறவர்களின் சங்கம் என்று புரிந்துகொண்டால் போதும். அவர்தான் அதைத் தொடங்கியவர், செயலாளரும் அவரே. தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் மூத்த வேதியியலாளராக இருந்தார். உறுப்பினர்கள் வயது வித்தியாசம் பாராமல் அவரை அக்கா என்றார்கள். அவரோ எல்லோரையும் சார் என்பார், மேடம் என்பார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் அவருக்கு சார்தான். "வேலை செய்யுத இடத்துல இவங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கல. இங்கயாவது கிடைக்கட்டும்" என்பார்.

எங்கள் மாட்டுங்கா வீட்டில், சங்கத்தில் சேர்ந்துவிட்டேன் என்றதும் அம்மா திடுக்கிட்டாள். "சங்கமா? ஸ்டிரைக் எல்லாம் பண்ணுவாளேடி!" கச்சேரி வைக்கிற சபா என்றால் அம்மாவுக்குப் புரியும். இது என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வீட்ல நேர்மாறு. எங்கப்பா திருநெல்வேலிப் பக்கம் இருந்து தாராவியில வந்து இறங்குனப்ப, பாய் விரிச்சுப் படுக்க இடம் கொடுத்ததே ஊர்ச் சங்கந்தான். லேத் பட்டறையில வேலை வாங்கிக் கொடுத்ததும் அதுதான். அப்பாவுக்கு அடிபட்டப்ப முதலாளிகிட்டப் போய் நின்னதும் அதுதான். நான் படிச்சு எம்.எஸ்ஸி. வாங்கிட்டு வேலைக்குப் போனேன். எனக்கு அப்படி நிக்க ஒரு ஆள் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத எங்கப்பாவுக்கு இருந்தது எனக்கு இல்லியேன்னு தோணிச்சு."

சங்கம் என்றால் அவருக்கு வெறும் பேச்சுக் கூட்டம் இல்லை. அடிக்கடி, சங்கத் தலைவர் தயார்செய்து தரும் ஒரு கேன் தண்ணீரைப் பல பாட்டில்களாகப் பிரித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்பார். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது தலைவருக்கு மட்டும் தெரியும். தலைவர் ஒரு கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவரவர் தங்கள் ஆய்வகத்தில் சோதித்து விடையைக் கொண்டு வருவோம். கூட்டத்தில் எல்லோர் விடையும் பலகையில் ஏறும். யாருடைய கருவி சரியில்லை, யாருடைய கை தவறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதன்முறை இதைச் செய்தபோது யாருக்கும் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. எண் மட்டும் போட்டால் போதாதா என்றார்கள். அவர் சாக்பீஸை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் தன் பெயரை எழுதி, தன் விடையை எழுதினார். சரியான விடையில் இருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது அது.

"என்னோடது தப்பு. ஏன் தப்புன்னு எனக்குத் தெரியல. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

அவர் முகத்தில் வெட்கமே இல்லை. ஒரு சின்னப் பெண் எழுந்து, தராசை எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டாள். அதுதான் காரணமாக இருந்தது. அதன்பிறகு பெயரை மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஒரு கேள்வி இருந்தது. அதை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவார். நம் ஊர்க் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகு குழாய் காலி. காலிக் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், சுற்றியுள்ள சாக்கடைத் தண்ணீர் உள்ளே கசியும். மறுபடி தண்ணீர் திறந்துவிடும்போது முதலில் வருவது அதுதான். அந்த முதல் தண்ணீரில் என்ன இருக்கிறது?

உறுப்பினர்கள் பலர் சேர்ந்து இதைப் பொறுமையாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினோம். உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உள்ள விஷயம் என்று திரும்பி வந்தது.

அந்த வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் தண்ணீர் பற்றி மாநாடு நடந்தது. தேநீர் இடைவேளையில், வெளிநாட்டில் இருந்து வந்திருந்த ஒரு நிபுணரிடம் அவர் இதைச் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் பேசினார். சின்னச் சின்னதாக எதற்குச் சங்கம், எங்கள் அமைப்பில் ஒரு கிளையாகச் சேர்ந்துவிடுங்கள், விதிமுறைகள் எல்லாம் எங்களிடம் தயாராக இருக்கின்றன, நீங்கள் அவற்றைப் பின்பற்றினால் போதும் என்றார்.

அக்கா பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்ற இடத்தில் நின்றபடி பதில் சொன்னார். "உங்கள் ஊரில் குழாய் காலியாவதே இல்லை. அதனால் காலிக் குழாயைப் பற்றி உங்கள் விதிமுறையில் ஒரு வரி கூடக் கிடையாது. உங்களுக்கு வராத கேள்வியை நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? நாங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு எங்களுக்கு ஒரு இடம் வேண்டும்."

திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம். சயான் பக்கம் வந்தபோது, "நாமளே பத்திரிகை போடுவோம்" என்றார்.

"யார் படிப்பா அக்கா?" என்றேன்.

"நாக்பூர்ல ஒருத்தன் படிப்பான். டாக்காவுல ஒருத்தி படிப்பா. அவங்க ஊர்லயும் தண்ணி விட்டு விட்டுத்தான் வருது. அவங்களுக்கு இது உள்ளூர் இல்லியா?"

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில்தான் முதல் இதழ் அச்சானது. கடைக்காரர் பிரியப்பட்டு அட்டையில் இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் படம் போட்டுவிட்டார். நான் பதறிப்போனேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இதுவும் சுப காரியந்தான்" என்றார். அந்த இதழில்தான் முதல் தண்ணீர் பற்றிய கட்டுரை வெளிவந்தது. சில மாதங்கள் கழித்து டாக்காவில் இருந்து நிஜமாகவே ஒரு பெண் எழுதி, எங்கள் முறையில் அங்கேயும் சோதிக்கலாமா என்று கேட்டாள். அன்று அவர் செம்பூரில் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

சந்தோஷ் எங்கள் உறுப்பினர்களில் ஒருவர். மராத்திக்காரர், கூச்ச சுபாவம், ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. எங்கள் பாட்டில் சோதனைகளில் பெரும்பாலும் சரியான விடை கொண்டு வருகிறவர். ஒரு நாள் கூட்டம் முடிந்தும் போகாமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன சார்?" என்றார் அக்கா. அதற்கு மேல் சந்தோஷால் அடக்க முடியவில்லை. இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார்.

செம்பூரில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் பழைய சால் ஒன்று. அதை ஒட்டிப் புதிதாக ஒரு உயரமான கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அஸ்திவார வேலை தொடங்கிய பிறகு, சாலில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் வர ஆரம்பித்தன. கட்டிட வேலையால்தான் என்று சால்காரர்கள் சத்தம் போட்டார்கள். கட்டிடக்காரர் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி சந்தோஷ் வேலை பார்த்த ஆய்வகத்திடம் கொடுத்தார். சந்தோஷ் போய், தண்ணீர் திறந்துவிட்ட உடனே வந்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும், கொஞ்ச நேரம் ஓடிய பிறகு வந்ததை இன்னொரு பாட்டிலிலும் பிடித்தார். இரண்டாவது சுத்தமாக இருந்தது. முதலாவதில் சாக்கடை கலந்ததற்கான கிருமிகள் நிறைந்திருந்தன.

ஆய்வக முதலாளி முதல் பாட்டிலை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னார். சந்தோஷ் மறுத்தார். மறுநாளே, சாம்பிள் எடுக்கத் தெரியாதவர் என்று சொல்லி வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். வேறு ஆய்வகங்களுக்கும் போன் போட்டு அதையே சொல்லியிருந்தார் முதலாளி.

"எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா. குழாயைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுத்தான் பிடிக்கணும்னு புத்தகத்துல இருக்கு. நான்தான் தப்புப் பண்ணிட்டேனோ?" என்றார் சந்தோஷ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். அறை நிறைந்திருந்தது. எல்லோருக்கும் பயம். பலருடைய முதலாளிகளும் அதே கட்டிடக்காரரிடம் வேலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு பாய்லரைப் பற்றிப் பேசிய அதே விக்ரோலிக்காரர் எழுந்தார்.

"அக்கா, நான் நேராவே சொல்லிடறேன். நாம விஞ்ஞானத்துக்காகக் கூடினவங்க. கொடி பிடிச்சு மோர்ச்சா போறதுக்கு இல்ல. சந்தோஷ் மேல எனக்கும் பிரியம்தான். ஆனா எனக்கு ரெண்டு குழந்தைங்க."

பலர் தலையாட்டினார்கள். அக்கா எழுந்தார். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"நான் முதமுதல்ல வேலைக்குச் சேர்ந்த லேப்ல, ஒரு சமையல் எண்ணெயில கலப்படம்னு என் டெஸ்ட்ல வந்துச்சு. சொன்னேன். உனக்குத் தெரியலைன்னாங்க. திரும்பச் செஞ்சேன், அதே வந்துச்சு. திரும்பச் சொன்னேன். இந்தப் புள்ளைக்கு மண்டையில கோளாறுன்னாங்க. வேலை போனதுகூட எனக்குப் பெருசா தெரியல சார். நான் சொன்னது சரியா, தப்பான்னு கேக்குததுக்கு இந்த பம்பாய் பூரா எனக்கு ஒரு ஆள் இல்ல. இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அந்த எண்ணெயில இருந்துச்சா இல்லியான்னு. ஒரு வருஷம் ராத்திரி ராத்திரி அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். பைத்தியம் பிடிக்கப் பாத்துச்சு."

பிறகு விக்ரோலிக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"மோர்ச்சா வேண்டாம் சார். சந்தோஷ் சார் சொன்னது சரியா தப்பான்னு பாப்போம். தப்புன்னா அவர்ட்டயே சொல்லுவோம், நீங்க செஞ்சது தப்புன்னு. சரின்னா ஊருக்குச் சொல்லுவோம். இது விஞ்ஞானம் இல்லன்னா வேற எது விஞ்ஞானம்? யாரும் தனியா கையெழுத்துப் போட வேண்டாம். சங்கம் போடும். சங்கத்துக்கு நான் போடுவேன்."

ஓட்டு எடுத்தோம். விக்ரோலிக்காரர் கடைசி ஆளாகத்தான் கையைத் தூக்கினார். ஆனாலும் தூக்கினார்.

விடிகாலையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே சாலில் போய் நின்றோம். தண்ணீர் கட்டிடத்தைத் தாண்டுவதற்கு முன்னால் வரும் மேற்பக்கக் குழாய்கள், தாண்டிய பிறகு வரும் கீழ்ப்பக்கக் குழாய்கள் என்று பிரித்துக்கொண்டோம். வாசலில் குடங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள். நான் நின்ற குழாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி தூத்துக்குடிப் பக்கம். அவளுடைய மகன் காமாலையில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தான்.

"மொதத் தண்ணி கொஞ்சம் நாத்தம் அடிக்கும்க்கா. அதுக்குன்னு கொட்டிட முடியுமா? வாரதே அரை மணி நேரம். வரிசையில நிக்கவங்க சும்மா விடுவாங்களா?" என்றாள்.

அக்கா அந்த வார்த்தைகளை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பாட்டில்களில் எண் மட்டும் ஒட்டி, எது எந்தக் குழாய் என்று சோதிப்பவருக்குத் தெரியாதபடி செய்தோம். தலைவரின் கல்லூரியில் ஒரு பங்கு, என் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி எங்கள் மருத்துவமனையில் ஒரு பங்கு. கட்டிடத்துக்கு மேற்பக்கக் குழாய்களில் முதல் தண்ணீரும் சுத்தம். கீழ்ப்பக்கக் குழாய்களில் முதல் தண்ணீர் சாக்கடை. இரண்டு இடத்திலும் ஒரே விடை. அதை நான் போனில் அக்காவிடம் சொன்னேன். "இருங்க மேடம், சந்தோஷ் சார்ட்ட முதல்ல சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டார்.

மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். பொறியாளர், கட்டிடக்காரரின் ஆள், ஆய்வக முதலாளி, சால்காரர்கள், நாங்கள். முதலாளி நல்ல சட்டை போட்டு, நல்ல ஆங்கிலத்தில், புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினார். குழாயை ஓடவிட்டுப் பிறகு பிடிப்பதுதான் விதி, இவர்கள் பிடித்தது விதிமுறைப்படி சாம்பிளே இல்லை என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"முதலில் நீங்கள் யார்? அரசாங்கமா? நீதிமன்றமா? எந்த அதிகாரத்தில் சோதித்தீர்கள்?"

அக்கா எழுந்து நின்றார். இந்தியில் பேசினார், சால்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்று.

"எங்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. இந்த வேலை தெரிந்தவர்கள் ஒன்றாகக் கூடியிருக்கிறோம், அவ்வளவுதான். எப்படிச் சோதித்தோம் என்று ஒவ்வொரு அடியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் அதே மாதிரி செய்து பார்க்கலாம். தப்பு என்று காட்டினால், இதே அறையில் வந்து தப்பு என்று ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் சொன்ன விதி சரியான விதிதான். எப்போதும் நிறைந்திருக்கும் குழாய்க்கு அது சரி. இந்தச் சாலில் குழாய் நாள் முழுக்கக் காலி. இங்கே யாரும் முதல் தண்ணீரைக் கொட்டுவதில்லை. குடிக்கிறார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீரைத்தான் நாங்கள் சோதித்தோம். நீங்கள் அவர்கள் குடிக்காத தண்ணீரைச் சோதித்திருக்கிறீர்கள்."

பின்னாலிருந்து சால் பெண்களில் ஒருத்தி கை தட்டினாள். அவர் திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தார்.

பொறியாளர் வெகுநேரம் எங்கள் காகிதங்களைப் புரட்டினார். குத்துவிளக்குப் படம் போட்ட இதழையும் புரட்டினார். பிறகு, கட்டிடத்தை ஒட்டிப் போகும் குழாயைத் தோண்டிப் பார்க்க உத்தரவிட்டார். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் குழாயின் இணைப்பு விலகி, சாக்கடைச் சேற்றில் கிடந்தது. மாற்றினார்கள். சாலில் குழந்தைகளுக்கு நோய் வருவது நின்றது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. சந்தோஷுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அக்காவின் நிறுவனத்துக்கும் மேலிடத்தில் இருந்து நெருக்கடி வந்தது. சங்கமா, வேலையா என்று கேட்டார்கள். பிறகு, மரியாதையாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய கணவர் செம்பூரில் சின்ன எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு அவரும் வந்திருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்துட்டேளா?" என்று கேட்டேன்.

"மாட்டேன்னுட்டேன். டிஸ்மிஸ் பண்ணுங்கன்னேன்."

"அக்கா! ராஜினாமான்னா வேற எடத்துல வேலை கேக்கலாம். டிஸ்மிஸ்னா யார் சேத்துப்பா? என்ன பண்ணுவேள்?"

"ராஜினாமான்னா நானாப் போனேன்னு அர்த்தம். நான் போகலியே. அவங்கதான அனுப்புதாங்க. என்ன நடந்துச்சோ அதைத்தான எழுதணும்? இத்தனை வருஷம் ரிப்போர்ட் எழுதினது வேற எதுக்கு?"

அவர் கணவர் என்னைப் பார்த்தார். "நான் காலைல இருந்து சொல்லிப் பாத்துட்டேன்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் வேறொன்றும் இருந்தது. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவருக்கு இருக்குமே, அப்படியொரு கர்வம்.

அக்கா அழுததை நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அது வேலைக்காக இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு, அவரையும் தலைவரையும் சந்தோஷையும் என்னையும் தவிர யாரும் வரவில்லை. எல்லா நிறுவனங்களிலும் சங்கத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பிப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்த பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், இன்னைக்கு நீங்க பேசுங்க" என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் பேசினார். நாங்கள் கேள்வி கேட்டோம்.

அப்படியே பல மாதங்கள் போயின. அக்காவுக்கு நெருளில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. சந்தோஷைத் தலைவர் தன் துறையில் சேர்த்துக்கொண்டார். விக்ரோலி பாய்லர்காரர் ஒரு நாள், ஆபீஸில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு வந்தார். அடுத்த மாதம் இன்னும் சிலருக்குப் பல்வலி வந்தது. அக்கா ஒவ்வொருவரையும் வாசலில் நின்று, "பல் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டு உள்ளே அனுப்பினார். மெல்ல மெல்ல அறை மறுபடி நிறைந்தது. முதல் தண்ணீர் விவகாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஔரங்காபாத்தில் இருந்தும் சூரத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பாட்டில் சோதனையில் கலந்துகொள்ளும் ஆய்வகம்தானா என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ஒரு விண்ணப்பம் வந்தது. சந்தோஷை வெளியே அனுப்பிய அதே ஆய்வகத்தில் இருந்து. சந்தோஷின் இடத்தில் வேலைக்கு வந்திருந்த பெண் உறுப்பினராகச் சேர விரும்பினாள். முதலாளிதான் சேரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று நடந்த சண்டை போல எங்கள் சங்கத்தில் முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. "எந்த அதிகாரம்னு கேட்ட ஆளு! இப்ப நம்ம பேரு வேணுமாம் அவருக்கு! மூஞ்சியில தூக்கி எறியுங்க!" என்று கத்தினார் பாய்லர்காரர். எனக்கும் அதே கோபம். எல்லோரும் ஒரே குரலில் கூடாது என்றோம். சந்தோஷ் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எங்களைக் கத்த விட்டார். பிறகு எழுந்தார். அன்றளவுக்குக் கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை. கோபம் முதலாளி மேல் இல்லை, எங்கள் மேல்.

"அந்த ஆளா விண்ணப்பம் போட்டிருக்காரு? அந்தப் பொண்ணு போட்டிருக்கு. அந்த ஆளு அவளைப் பேருக்குத்தான் அனுப்புதாரு, எனக்கும் தெரியும். நாளைக்கு அவகிட்டயும் ஒரு பாட்டிலை விட்டுடச் சொல்லுவாரு. அன்னைக்கு அவ யார்ட்டப் போவா? சந்தோஷ் சாருக்காவது நாம இருந்தோம். அவ அந்த லேப்ல ஒத்தையில உக்காந்திருக்கா. அவளைச் சேத்துக்க மாட்டீங்கன்னா, எதுக்குவே இந்தச் சங்கம்? நமக்கு நாமே மாலை போட்டுக்கவா?"

"சார்" என்று அழைக்கும் வாயில் இருந்து மரியாதை விட்ட திருநெல்வேலி "வே" வந்தது அன்றுதான். பாய்லர்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் வந்தாள். கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் வா என்று சொல்லவில்லை. அக்கா பலகைப் பக்கம் நின்று எழுதிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தார். ஆனாலும் கூப்பிடவில்லை. சாக்பீஸைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தோஷ் தன் பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார் அக்கா. பிறகு திரும்பிப் பலகையில் விட்ட இடத்தில் இருந்து எழுதத் தொடங்கினார்.